கறையைக் கழுவிவிடாதீர்கள்: மாயக்கதை விளையாட்டுகளின் எழுத்தாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள எழுத்தாளர்களுக்கு,

வணக்கம். வாளும் மந்திரமும் டிராகன்களும் நிறைந்த உலகங்களை வார்சாவிலும் எட்மன்டனிலும் பெல்ஜியத்தின் கென்ட்டிலும் டோக்கியோவிலும் இருந்து எழுதி அனுப்புகிறீர்கள். அவற்றுக்குள் இளமைக் காலம் முதல் குடியிருந்து வரும் ஒருவன் இதை எழுதுகிறேன். உங்களிடம் எனக்கு ஒரே ஒரு கோரிக்கை. உங்கள் பாத்திரங்களின் மேல் இருக்கும் கறையைக் கழுவிவிடாதீர்கள்.

அண்மையில் வரும் பல விளையாட்டுகளில் ஒரு மாற்றத்தைப் பார்க்கிறேன். நாயகனோடு கூடவே வரும் தோழர்கள் எல்லோரும் காயப்பட்டவர்களாக இருக்கிறார்கள். ஒருவருக்குத் தாய் இல்லை, இன்னொருவரின் ஊர் அழிந்துவிட்டது, மற்றொருவரை நம்பியவர்களே கைவிட்டார்கள். அவர்களுடைய துயரத்தைக் கேட்டு ஆறுதல் சொல்வது நம் வேலை. சொன்னால் மனம் தெளிந்து கடைசிப் போரில் நம் பக்கத்தில் நின்று சண்டையிடுவார்கள். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் அந்தக் கூட்டத்தைச் சற்று உற்றுப் பாருங்கள். அடிபட்டவர்கள் மட்டுமே இருக்கிறார்கள், அடித்தவர் ஒருவரும் இல்லை. துயரம் உண்டு, குற்றம் கிடையாது. ஒரு காயத்தைக் கொடுத்துவிட்டால் பாத்திரத்துக்கு ஆழம் வந்துவிடும் என்று நம்பத் தொடங்கிவிட்டீர்களோ என்று எனக்குக் கவலையாக இருக்கிறது. காயத்தைப் பார்த்தால் இரக்கம் வரும். அந்த இரக்கம் விளையாட்டை மூடிய மறுவாரமே மறந்துபோகும். தானே செய்த தவறைத் தோளில் சுமந்துகொண்டு நிற்பவரைத்தான் ஆண்டுகள் கழிந்தும் மறக்க முடிவதில்லை.

நான் சொல்வதற்குச் சான்றாக உங்களில் சிலர் எழுதியதையே எடுத்து வைக்கிறேன்.

சிடி ப்ராஜெக்ட் ரெட் நிறுவனம் 2015 மே மாதம் வெளியிட்ட ‘தி விட்சர் 3’ விளையாட்டில் வெலன் என்ற நிலப்பகுதி வருகிறது. போரால் சீரழிந்த சதுப்புக் காடு. மரக்கிளைகளில் பிணங்கள் தொங்குகின்றன. அங்கே ஒரு கோட்டையைப் பிடித்து வைத்துக்கொண்டு தன்னைத் தானே பிரபு என்று அழைத்துக்கொள்கிறான் பிலிப் ஸ்ட்ரெங்கர் என்ற முன்னாள் படைவீரன். ஊரார் அவனை ரத்தப் பிரபு என்கிறார்கள். பெரிய தொந்தி, கரகரத்த குரல், உரத்த சிரிப்பு. நம் நாயகன் கெரால்ட் ஒரு விட்சர், அதாவது கூலிக்கு அரக்கர்களை வேட்டையாடுபவன். அவன் தேடி அலையும் வளர்ப்பு மகள் சிரி எங்கே போனாள் என்பது பிரபுவுக்குத் தெரியும். காணாமல் போன தன் மனைவியையும் மகளையும் கண்டுபிடித்துத் தந்தால்தான் சொல்வேன் என்கிறான்.

இதுவரை வழக்கமான பேரம்தான். கெரால்ட் அந்த வீட்டை அறை அறையாகச் சோதிக்கத் தொடங்கியபின் கதை வேறு திசையில் இறங்குகிறது. கைகலப்பு நடந்திருக்கிறது, அதன் தடயங்களை யாரோ மறைக்கப் பார்த்திருக்கிறார்கள், மது சிந்திய வாடை இன்னும் போகவில்லை. எந்த அரக்கனும் அந்தப் பெண்களைத் தூக்கிக்கொண்டு போகவில்லை. அவன் குடித்துவிட்டு மனைவி அன்னாவை அடிப்பவன். கடைசியாக நடந்த அடிதடியில் அவளுடைய கரு கலைந்தது. தாயும் மகளும் ஓடிவிட்டார்கள். இறந்த சிசுவை அவன் பெயர்கூட வைக்காமல் புதைத்துவிட்டான்.

அந்த உலகத்தில் அப்படிப் புதைக்கப்பட்ட சிசு மண்ணிலிருந்து எழுந்து, கர்ப்பிணிகளைத் தேடிப் போகும் பிசாசாகிவிடும். அதை வாளால் வெட்டிக் கொன்றுவிடலாம். சாபத்தை நீக்க வேண்டுமென்றால் வேறு வழி. பெற்றவனே அதைக் கையில் ஏந்திக்கொண்டு வீடுவரை நடந்து, பெயர் சூட்டி, வாசற்படிக்கு அடியில் புதைக்க வேண்டும்.

நீங்கள் அந்த நடையை வெட்டிச் சுருக்கவில்லை. அதற்காகவே உங்களுக்கு நன்றி சொல்ல வேண்டும். இருட்டில் அந்தப் பெரிய உடம்புக்காரன் நடக்கிறான். பல் முளைத்த அந்தச் சிறிய உருவம் அவன் கையில் கிடந்து நெளிகிறது. அது சீறி எழப் பார்க்கும்போதெல்லாம் நாம் மந்திரச் சைகை காட்டி அமைதிப்படுத்த வேண்டும். வழியில் ஆவிகள் பாய்கின்றன, அவற்றோடும் போராட வேண்டும். வீட்டு வாசலில் அவன் குழி தோண்டுகிறான். டேயா என்று பெயர் வைக்கிறான். என் மகளாக ஏற்றுக்கொள்கிறேன் என்கிறான்.

அந்தச் சில நிமிடங்களில் நான் அவனை மன்னித்துவிடவில்லை. ஆனால் அவன் கையிலிருந்து அது நழுவிவிடக் கூடாதே என்று பதறினேன். ஒரு மனிதன் செய்ததை அருவருத்துக்கொண்டே அவன் தவறி விழாமல் இருக்க வேண்டும் என்று விரும்புவது எப்படிப்பட்ட உணர்ச்சி? அதற்கு முன்பு எந்த வீரனும் எந்த இளவரசனும் என்னிடம் அதைக் கிளப்பியதில்லை. இதே மனிதன்தான் காட்டில் அலைந்து வந்த சிரியைத் தன் வீட்டில் தங்கவைத்துச் சோறு போட்டவன். அவளோடு குதிரைப் பந்தயம் விட்டுக் குதூகலித்தவன். போரிலிருந்து திரும்பி வந்தபோது மனைவி இன்னொருவனோடு இருப்பதைக் கண்டு அந்த ஆளைக் கொன்றவனும் இவன்தான். பிரியமும் வன்முறையும் இவனிடம் இரண்டு தனி அறைகளில் இல்லை. தன்னுடையதை விட்டுக்கொடுக்கத் தெரியாத ஒரே பிடிவாதம்தான் ஒரு நாள் சோறாகவும் மறுநாள் அடியாகவும் வெளிவருகிறது.

குடித்துவிட்டு மனைவியை அடிப்பவனை நாங்கள் அறிவோம். எங்கள் தெருவிலும் அவன் இருந்தான், உங்கள் தெருவிலும் இருந்திருப்பான். யதார்த்தக் கதையில் அவனுடைய குற்றவுணர்ச்சி நெஞ்சுக்குள்ளேயே கிடக்கும். முகத்தில் கொஞ்சம் தெரியும், பேச்சில் கொஞ்சம் கசியும். மாயக்கதையில் மட்டும்தான் அது உடல் எடுத்து எழுந்து வர முடியும். அதைத் தூக்கிச் சுமக்க முடியும், அதற்குப் பெயர் வைக்க முடியும். குறையுள்ள மனிதர்கள் எல்லாக் கதைகளிலும் ஈர்ப்பவர்கள்தான் என்றாலும் மாயக்கதையில் கூடுதலாக ஈர்ப்பதற்கு இதையே காரணமாக நான் கருதுகிறேன். டிராகன் எப்படிப் பறக்கும், மந்திரம் எப்படி வேலை செய்யும் என்பதையெல்லாம் நாங்கள் சோதித்துப் பார்க்க முடியாது. நீங்கள் சொன்னதை நம்புகிறோம். மனிதர்கள் எப்படித் தவறுகிறார்கள் என்பதை மட்டும் எங்கள் வாழ்க்கையோடு ஒட்டிப் பார்த்துச் சரிபார்க்கிறோம். அது சரியாக இருந்தால் டிராகனையும் நம்பிவிடுகிறோம்.

இது புதிய கண்டுபிடிப்பும் இல்லை. 1991-இல், திரையில் உருவங்கள் கட்டை விரல் அளவுக்கு இருந்த காலத்திலேயே, ஜப்பானில் ‘ஃபைனல் ஃபேன்டசி 4’ இதைச் செய்துவிட்டது. அதன் நாயகன் செசில் ஒரு கரும்படை வீரன். மன்னன் ஆணையிட்டான் என்பதற்காக மிசிடியா என்ற ஊரின் மந்திரவாதிகளைத் தாக்கிப் படிகத்தைப் பறித்து வருகிறான். கதை தொடங்குவதே அங்கேதான். அடுத்து, உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியாமலே ஒரு பொட்டலத்தை மிஸ்ட் என்ற கிராமத்துக்குக் கொண்டுபோகிறான். கிராமம் எரிந்து சாம்பலாகிறது. பின்னால் அவன் அதே மிசிடியாவுக்குத் தனியாகத் திரும்ப நேர்கிறது. ஊரார் வரவேற்கவில்லை. பேச்சுக் கொடுத்தால் ஒருவர் அவனைத் தவளையாக மாற்றிவிடுகிறார். சிறுவனாக இருந்து ஆடுபவனுக்கு அது வேடிக்கையாகத் தெரியும். வளர்ந்தபின் ஆடினால், அந்த ஊருக்கு அவன் என்ன செய்தான் என்பது நினைவுக்கு வந்து சுருக்கென்று தைக்கும்.

பிறகு அவன் ஒரு மலையேறி, தன் இருண்ட உருவத்தையே எதிரியாகச் சந்திக்கிறான். அதுவரை எதிரி வந்தால் அடி என்று பழகிய விரல்கள் அங்கே அடிக்கக் கூடாது. தாங்கிக்கொண்டு நிற்பவன்தான் வெல்வான். வென்றபின் புனித வீரனாகிறான், ஆனால் அவன் நிலை முதலாம் படிக்கு இறங்கிவிடுகிறது. சேர்த்துவைத்த பலமெல்லாம் போய்விட்டது, சில்லறை எதிரிகளோடு மறுபடியும் அடிப்படையிலிருந்து தொடங்க வேண்டும். திருந்துவதற்கு விலை உண்டு என்பதை ஒரு எண்ணை மாற்றியே சொல்லிவிட்டார்கள். நீண்ட வசனங்களால் பாவமன்னிப்பு வழங்கும் இன்றைய பல காட்சிகளைவிட அந்த எண் என்னிடம் அதிகம் பேசியது.

இன்னொரு எல்லைக்குப் போனது 1999-இல் பிளாக் ஐல் உருவாக்கிய ‘ப்ளேன்ஸ்கேப்: டார்மென்ட்’. அதில் நாயகனுக்குப் பெயரே இல்லை. சாக முடியாதவன். செத்து எழும்போதெல்லாம் பழைய நினைவு அழிந்துவிடுகிறது. பிணவறையில் கண் விழிக்கிறான். டெயோனாரா என்ற பெண்ணின் ஆவி அங்கே அவனை அன்போடு அழைக்கிறது. யாரென்று அவனுக்குத் தெரியவில்லை. விளையாட்டு நகர நகர உண்மை வெளிவருகிறது. அவனுடைய முந்தைய பிறவி ஒன்று, செத்தபின்னும் பயன்படுவாள் என்று கணக்குப் போட்டு, அவளுடைய காதலைக் கருவியாக்கி அவளைச் சாவுக்கு அழைத்துப் போயிருக்கிறது. தாக்கான் என்ற முதிய வீரன் ஏன் தலைகுனிந்து பின்னால் வருகிறான் என்பதும் அப்படித்தான் தெரியவருகிறது. நீ சாகும்வரை உனக்கு ஊழியம் செய்வேன் என்று அவனிடம் சத்தியம் வாங்கியிருக்கிறான், சாகவே முடியாத இவன். நினைவில்லாத குற்றத்துக்கு நான் பொறுப்பா என்ற கேள்வியை அந்த விளையாட்டு என் கையில் கொடுத்துவிட்டுப் போனது. இன்றும் நான் அதற்கு விடை சொல்லத் தயங்குகிறேன்.

கையில் கொடுப்பது என்றேன். உங்கள் கலையின் பலமே அதில்தான் இருக்கிறது. படிப்பவனும் பார்ப்பவனும் சாட்சிகள். விளையாடுபவன் உடந்தை. அதை நன்றாக அறிந்தவர்கள் 2011-இல் ‘டிராகன் ஏஜ் 2’ எழுதியவர்கள்.

அதில் ஆண்டர்ஸ் ஒரு மந்திரவாதி. ஏழைகளுக்கு இலவசமாக மருத்துவம் பார்க்கிறான். மந்திரவாதிகளைப் பிறந்த குற்றத்துக்காகக் கோபுரங்களில் அடைத்து வைக்கும் முறைக்கு எதிராகக் கொதிக்கிறான். அந்தக் கொதிப்பு நியாயமானது, நாமும் கேட்டுத் தலையாட்டியிருப்போம். ஒருநாள் சில பொருள்களைச் சேகரித்துத் தரச் சொல்கிறான். தன்னுள் புகுந்திருக்கும் ஆவியைப் பிரித்தெடுக்கும் மருந்துக்கு என்கிறான். நண்பன் கேட்கிறான் என்று சாக்கடைக்குள் இறங்கித் தேடுகிறோம். பிறகு ஆலயத்துக்குள் போய்த் தலைமைக் குருவான மூதாட்டியிடம் சற்றுநேரம் பேச்சுக் கொடுத்துக்கொண்டிரு என்கிறான். எதற்கென்று கேட்டால் நேரான பதில் வரவில்லை. பேச்சுக் கொடுக்கிறோம். கடைசியில் அந்த ஆலயம் மூதாட்டியோடு சேர்ந்து வெடித்துச் சிதறும்போதுதான், என்ன சேகரித்தோம், எதற்குக் காவல் நின்றோம் என்பது புரிகிறது.

அதன்பின் ஆண்டர்ஸ் ஓடவில்லை. ஒரு மரப்பெட்டியின் மேல், நமக்கு முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறான். கத்தி நம் கையில். கொல்லலாம், துரத்தலாம், கூடவே வைத்துக்கொள்ளலாம். சரியான விடை என்று ஒன்றை எழுத்தாளர்கள் எங்கும் ஒளித்து வைக்கவில்லை. பல ஆண்டுகள் கழிந்தும் இந்த ஒரு காட்சியைப் பற்றி விளையாடியவர்கள் சண்டை போட்டுக்கொள்கிறார்கள். ஆண்டர்ஸை நல்லவனாக மட்டும் எழுதியிருந்தால் யார் சண்டை போட்டிருப்பார்கள்?

அதற்கு முந்தைய ‘டிராகன் ஏஜ்: ஆரிஜின்ஸ்’ 2009-இல் வந்தது. லோகெய்ன் என்ற தளபதியைப் பற்றி இங்கே சொல்லியாக வேண்டும். அந்நிய ஆட்சியிலிருந்து நாட்டை மீட்டவன், எளிய குடியில் பிறந்து பிரபுவானவன், இளம் அரசன் கேலனின் மாமனார். போர்க்களத்தில் நாம் உயிரைப் பணயம் வைத்துக் கோபுரத்தின் உச்சியில் தீ ஏற்றுகிறோம். அந்தத் தீயைக் கண்டதும் அவன் படை பாய்ந்து வர வேண்டும். அவனோ படையைத் திருப்பிக்கொண்டு போய்விடுகிறான். அரசன் மாள்கிறான். பின்னால் உள்நாட்டுப் போருக்குப் பணம் வேண்டும் என்று சொந்த நகரத்தின் ஏழை எல்ஃப் மக்களை அடிமை வணிகர்களுக்கு விற்கவும் துணிகிறான். இவ்வளவுக்கும் வேர் ஒன்றே. பழைய எதிரி மறுபடியும் எல்லைக்குள் நுழைந்துவிடுவான் என்ற அச்சம். நாட்டைக் காப்பாற்றிய அதே உணர்வுதான், இப்போதைய எதிரி வேறு என்பதை அவன் கண்ணிலிருந்து மறைத்து நாட்டைக் கெடுத்தது.

அவனை வீழ்த்தியபின் கொல்லாமல் நம் அணியில் சேர்த்துக்கொள்ளும் வழியும் உண்டு. ஆனால் அப்படிச் செய்தால், முதலிலிருந்து நம்மோடு வந்து, சிரிக்கவைத்து, பிரியத்தைச் சம்பாதித்த அலிஸ்டர் அணியை விட்டு வெளியேறிவிடுவான். எவ்வளவு கெஞ்சினாலும் நிற்கமாட்டான். தன்னை வளர்த்தவரைப் போன்றவரின் சாவுக்குக் காரணமானவனோடு அவனால் நிற்க முடியாது. அவனுடைய கோபமும் நியாயம், லோகெய்னுக்கு ஒரு வாய்ப்புக் கொடுக்க நினைத்ததும் நியாயம். இரண்டும் ஒரே அறையில் இருக்க முடியாது. அலிஸ்டரையும் எப்படியோ சமாதானப்படுத்தும் ஒரு ரகசிய வழியை நீங்கள் அன்று வைக்கவில்லை. இன்று எழுதினால் வைத்துவிடுவீர்களோ என்று பயப்படுகிறேன்.

ஏனென்றால் எல்லோரையும் சமாதானப்படுத்திவிடும் பழக்கம் உங்கள் விளையாட்டுகளின் எந்திரத்துக்குள்ளேயே இருக்கிறது. தோழர்களின் நல்லெண்ணத்தை ஒரு மதிப்பெண்ணாக வைக்கிறீர்கள். அவர்களுக்குப் பிடித்ததைச் சொன்னால் ஏறும், பிடிக்காததைச் செய்தால் இறங்கும். ஆரிஜின்ஸிலேயே இந்தக் கோளாறு இருந்தது. ஒருவரை மனம் நோகச் செய்துவிட்டு முகாமில் சில பரிசுப் பொருள்களைக் கொடுத்தால் மனத்தாங்கல் மறைந்துவிடும். அழுகிற குழந்தைக்கு மிட்டாய் கொடுப்பதுபோல. விளையாடுபவர்கள் மனிதர்களைப் புரிந்துகொள்வதை விட்டுவிட்டு அவர்களுக்கு என்ன பிடிக்கும் என்று மனப்பாடம் செய்யத் தொடங்கினார்கள்.

டிராகன் ஏஜ் 2 இதற்கு ஒரு மாற்றுக் கண்டது. நட்பு ஒரு முனை, முரண்பாடு மறுமுனை. ஒருவரோடு தொடர்ந்து முரண்பட்டாலும் உறவு ஆழமாகும். இசபெலா என்ற கடற்கொள்ளைக்காரி அதற்கு நல்ல எடுத்துக்காட்டு. அவள் திருடிய ஒரு புனித நூலால்தான் ஊரே ஆண்டுக்கணக்கில் கொந்தளிக்கிறது. அது நெடுநாள் வரை நமக்குத் தெரியாது. உண்மை வெளிப்படும் நேரத்தில் நூலை எடுத்துக்கொண்டு ஓடிவிடுகிறாள். அவள் மனம் மாறித் திரும்பி வருவாளா என்பது, அவளுக்குரிய பணிகளை முடித்தோமா என்பதோடு, அவளோடு நட்போ முரண்பாடோ எவ்வளவு ஆழமாக இருந்தது என்பதைப் பொறுத்தது. அவளைச் சீராட்டியவனுக்காகவும் வருவாள், இப்படியே வாழ்ந்தால் கெட்டுப்போவாய் என்று முகத்துக்கு நேரே சொன்னவனுக்காகவும் வருவாள். அவளைக் கண்டுகொள்ளாமலே இருந்தவனுக்காக வரமாட்டாள். மனித உறவைப் பற்றி ஒரு விளையாட்டின் விதிமுறை சொன்ன மிகக் கூர்மையான உண்மை இது என்று நான் நினைக்கிறேன். அடுத்த விளையாட்டிலேயே அதைத் தூக்கிப் போட்டுவிட்டீர்கள். தயவுசெய்து மீண்டும் எடுங்கள்.

2024-இல் வந்த ‘டிராகன் ஏஜ்: தி வெயில்கார்ட்’ ஆடியபோது இந்த இழப்பை நன்றாக உணர்ந்தேன். அந்தத் தோழர்கள் திறமைசாலிகள், கனிவானவர்கள். அவர்களுக்குள் வரும் பூசல்கள் பெரும்பாலும் ஒரு உரையாடலில் தீர்ந்துவிடுகின்றன. ஆனால் சொலாஸ் வாய் திறந்தால் மட்டும் நிமிர்ந்து உட்கார்ந்தேன். தன் மக்களைக் காக்க உலகத்தையே இரண்டாகப் பிளந்து, அதனாலேயே அவர்களைச் சீரழித்துவிட்டு, அந்தப் பிழையைத் திருத்த இன்னொரு பேரழிவைச் செய்யத் துடிப்பவன். அவன் எதிரி. அந்த விளையாட்டில் என்னை உறங்கவிடாத ஒரே ஆளும் அவன்தான்.

இருட்டாக எழுதுங்கள் என்று நான் கேட்கவில்லை. அதையும் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். எல்லோரும் துரோகிகள், யாரையும் நம்பாதே, பார்க்குமிடமெல்லாம் ரத்தம் என்று எழுதினால் அதுவும் தட்டையாகத்தான் இருக்கும். எல்லோரும் கெட்டவர்கள் என்றால் ஒருவர் தவறுவதில் என்ன கனம் இருக்கிறது? லேரியன் நிறுவனம் 2023-இல் வெளியிட்ட ‘பால்டர்ஸ் கேட் 3’-இன் கார்லாக்கைப் பாருங்கள். அந்தக் கூட்டத்திலேயே மிக நல்லவள் அவள்தான். நம்பி வேலை செய்த முதலாளியே அவளை நரகத்துக்கு விற்றுவிட்டான். இதயத்தை எடுத்துவிட்டு அந்த இடத்தில் ஓர் எரியும் எந்திரத்தை வைத்துவிட்டார்கள். அவனைப் பழிவாங்கிவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று சிரித்துக்கொண்டே வருகிறாள். அவன் சாகிறான். எதுவும் சரியாகவில்லை, அவள் இன்னும் செத்துக்கொண்டுதான் இருக்கிறாள். அப்போது உடைந்து கத்துகிறாள், சாக எனக்கு விருப்பமில்லை என்கிறாள். அதுவரை அவள் காட்டிய தைரியத்தில் பாதி, யோசிக்காமல் இருப்பதற்கான முயற்சி என்று அங்கே தெரிகிறது. ஒரு நல்ல மனிதரிடம் இருக்கும் குறையை எழுதுவதற்கு இதைவிடச் சிறந்த பாடம் எனக்குத் தெரியாது.

அதே விளையாட்டின் அஸ்டேரியன் வேறு வகை. இருநூறு ஆண்டுகளாக ஒரு ரத்தக்காட்டேரிக்கு அடிமையாக இருந்தவன். அழகாலும் இனிய பேச்சாலும் மனிதர்களை மயக்கி எஜமானனிடம் இழுத்து வருவது அவனுக்கு இடப்பட்ட வேலை. நம்மை முதலில் சந்திக்கும்போதே கழுத்தில் கத்தியை வைக்கிறான். நாம் யாருக்காவது இரங்கினால் முகம் சுளிக்கிறான். வெறுத்து ஒதுக்கவேண்டிய ஆள். ஆனால் அந்த விளையாட்டில் மிகப் பலர் காதலித்தது அவனைத்தான். அவனுக்குக் குரலும் உடலும் கொடுத்த நீல் நியூபான் அந்த ஆண்டின் ‘தி கேம் அவார்ட்ஸ்’ விழாவில் சிறந்த நடிப்புக்கான விருதைப் பெற்றார்.

அவன் அழகன் என்பதால்தான் என்று சிலர் சொல்லக் கேட்டிருக்கிறேன். எஜமானனின் நிலவறைக்கு அவனோடு இறங்கிப் போனவர்கள் அப்படிச் சொல்லமாட்டார்கள். அங்கே சிறைக் கம்பிகளுக்குப் பின்னால் அவன் இழுத்து வந்தவர்கள் இருக்கிறார்கள். செத்துவிட்டார்கள் என்று அவன் நினைத்திருந்தவர்கள். அவர்களில் செபாஸ்டியன் என்ற இளைஞன் அவனை அடையாளம் கண்டுகொள்கிறான். அஸ்டேரியன் தடுமாறுகிறான். மொத்தம் 7,000 பேர் அங்கே அடைபட்டிருக்கிறார்கள். அத்தனை பேரையும் பலியிடும் சடங்கை அவன் முடித்தால் எவருக்கும் அஞ்ச வேண்டாத பேராற்றல் கிடைக்கும். அடிமையாக இருந்தவனுக்கு அந்த ஆசை வருவது புரியாமலா போகும்? தடுக்கலாம், உதவலாம். உதவினால் போரில் அவன் வலிமை கூடுகிறது, நமக்கும் ஆதாயம். அதன்பின் அவன் பேசும் தொனியில் பழைய எஜமானன் வந்து உட்கார்ந்திருப்பான்.

இந்தக் காட்சியை முக்கியமாகச் சொல்ல இன்னொரு காரணம் இருக்கிறது. குறையுள்ள பாத்திரத்தை எழுதும்போது அவனால் பாதிக்கப்பட்டவருக்கும் முகமும் குரலும் கொடுக்க வேண்டும். லேரியன் செபாஸ்டியனைப் பேசவைத்தது. வெலன் கதையில் அந்த இடத்தில் ஒரு குறை இருக்கிறது என்பதை அதை எவ்வளவு நேசித்தாலும் மறுக்கமாட்டேன். அன்னாவின் கதையைப் பெரும்பாலும் அவளை அடித்தவன் வாயிலிருந்தே கேட்கிறோம். அவளைச் சந்திக்கும்போது சூனியக்காரிகளின் பிடியில் சித்தம் கலங்கியிருக்கிறாள். நாம் முன்பு எடுத்த ஒரு முடிவைப் பொறுத்து, ஒன்று அவள் இறந்து அவன் தூக்கிட்டுக்கொள்கிறான், அல்லது நினைவு தப்பிய அவளை மலைநாட்டு வைத்தியரிடம் அவன் அழைத்துப் போகிறான். இரண்டிலும் அவள் என்ன விரும்பினாள் என்று யாரும் கேட்கவில்லை. மகள் டமாரா மட்டும் அப்பனை மன்னிக்க மறுத்து நிமிர்ந்து நிற்கிறாள். அவளையாவது எழுதினீர்களே என்று ஆறுதல் அடைகிறேன். அடுத்த முறை அன்னாவுக்கும் பத்து வரி கொடுங்கள். அவன்மேல் எங்களுக்குள்ள பதற்றம் அதனால் குறையாது, கூடும்.

நீங்கள் ஏன் தயங்குகிறீர்கள் என்பதை ஓரளவு ஊகிக்க முடிகிறது. பல ஆண்டு உழைப்பும் பெரும் பணமும் கொட்டி எடுக்கும் விளையாட்டில், யாருக்கும் பிடிக்காமல் போகக்கூடிய ஒரு தோழனை வைப்பது துணிச்சலான காரியம். விளையாடுபவர்கள் அவனை முகாமிலேயே விட்டுவிட்டுப் போவார்கள், எழுதிய வசனமும் பதிவுசெய்த குரலும் வீணாகும். விடட்டுமே. லோகெய்னைக் கொன்றவர்கள், அணியில் சேர்ந்தபின் அவன் பேசுவதை ஒரு வரிகூடக் கேட்டிருக்கமாட்டார்கள். தெரிந்தேதான் அன்று எழுதினார்கள். விட்டுவிட்டுப் போக முடிகிற ஆளைக் கூட்டிக்கொண்டு போகும்போதுதான் அது என் முடிவாகிறது.

கடைசியாக, வார்சாவில் இருப்பவர்களிடம் தனியாக ஒரு வார்த்தை. அடுத்த விட்சர் விளையாட்டின் நாயகி சிரி என்று 2024 டிசம்பரில் அறிவித்தீர்கள். முன்னோட்டத்தில் அவள் ஒரு பெண்ணை அரக்கனுக்குப் பலியாகாமல் காப்பாற்றுகிறாள். திரும்பி வந்து பார்த்தால் ஊராரே அந்தப் பெண்ணைக் கொன்றிருக்கிறார்கள். சிரி கொதிக்கிறாள். வலுவான காட்சிதான், ஆனால் அந்தக் குற்றம் ஊராருடையது. அவள் கை சுத்தமாகவே இருக்கிறது. முழு விளையாட்டிலும் அப்படியே வைத்துவிடாதீர்கள். விட்சர் 3-இல் அவள் ஆத்திரத்தில், தன் ஆசானான அவல்லாக்கின் ஆய்வகத்தை அடித்து நொறுக்கலாம். கெரால்ட் அவளைத் தடுக்காமல், போட்டு உடை என்று விட்டுக்கொடுப்பது அவளுடைய முடிவை நல்லதாக்கும் தேர்வுகளில் ஒன்று. அவளுக்குக் கோபப்படும் உரிமை வேண்டும் என்பது உங்களுக்கு அன்றே தெரிந்திருந்தது. இனி அவள் தனியாக வாள் ஏந்திப் போகிறாள். அவளுடைய அந்தக் கோபம் ஓர் ஊரில், ஓர் இரவில், தவறான ஆளின்மேல் விழட்டும். அதை அவள் கையால், அதாவது எங்கள் கையால், செய்யவிடுங்கள். பிறகு அதே ஊருக்கு அவளைத் திரும்ப அழைத்து வாருங்கள். அங்கே அவளோடு பேச ஒருவரையாவது உயிரோடு வைத்திருங்கள்.

அன்புடன்,
உங்கள் கதைகளை ஆடிவரும் ஒரு தமிழ் வாசகன்